வரிக்காகக் கட்டிய சுவர்

அந்தச் சுவரைக் கட்டச் சொன்னது எங்கள் ஆடிட்டர். செங்கல் வாங்கியது ரொட்டிக் கடை அண்ணன், சாந்து குழைத்தது அவர் தம்பி, ரசீதுகளைக் கோப்பில் சேர்த்து நாடா கட்டியது நான். கட்டும்போது எங்களில் ஒருவருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் கணக்குப்படி அதில் தப்பு கிடையாது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் குமாஸ்தா. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை, ஒரு மேசை, இரண்டு அலமாரி, ஒரு மின்விசிறி. நான் பில்களைத் தேதிவாரியாக அடுக்குவேன், மின்விசிறி கலைக்கும், மறுபடி அடுக்குவேன். இதிலேயே எனக்குக் கொண்டை நரைத்துவிட்டது. ஆடிட்டர் நல்ல மனுஷர், கணக்கில் புலி. வாய் மட்டும் மூடாது. வருமான வரி எப்படி முளைத்தது, எப்படி வளர்ந்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இரண்டு தெரு தள்ளி அந்த ரொட்டிக் கடை. கீழே கடையும் அடுப்பும், மேலே வீடு. அப்பா போனபோது தம்பிக்கு விவரம் தெரியாத வயசு. அண்ணன் தலையெடுத்துக் கடையை நடத்தி, தம்பியை வளர்த்து, தொழிலும் பழக்கி, கல்யாணமும் செய்துவைத்தார். அடுப்பு அண்ணனுடைய ராஜ்யம். நீளக் காம்பு வைத்த மரத்துடுப்பால் ரொட்டித் தட்டுகளை உள்ளே தள்ளுவதும் இழுப்பதுமாக அவர் நின்றால் பின்னால் ஒருவரும் போகக் கூடாது, இடி நிச்சயம். சூடு சரிதானா என்று பார்க்க வெறுங்கையை அடுப்புக்குள் நீட்டுவார். முழங்கை முடி பொசுங்குவதற்குள் இழுத்துக்கொள்வார். அந்தக் கையில் முடி இருந்து நான் பார்த்ததில்லை.

தம்பி பிஸ்கட் மேசைக்காரர். வெண்ணெயையும் சர்க்கரையையும் அவர் குழைக்கிற அழகை நின்று பார்க்கலாம். மாவைத் தட்டிப் பரப்பித் தகர அச்சால் அழுத்திக்கொண்டே போவார், ஓரத்தில் விழுகிற துண்டைக்கூட வீணாக்க மாட்டார். பேச்சு குறைவு. மழை நாளில் மாவு பொங்காமல் முரண்டு பிடிக்கும்போது மட்டும், "இன்னைக்கு இதுக்கு மனசில்லண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்வார். "மனசு வர்ற வரைக்கும் மூடி போட்டு வை" என்பார் அண்ணன். இரண்டு பேருக்கும் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பணம் அண்ணி கையில். தெருவே அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். கல்லாவில் உட்கார்வதும், சாயங்காலம் காசை எண்ணி மேலே கொண்டுபோய் அலமாரியில் வைப்பதும், மாவு மில்லுக்குக் கொடுப்பதும் அவள்தான். வீட்டுக்கு ஒரே சமையல். தம்பி பெண்டாட்டிக்குச் செருப்பு அறுந்தால் அண்ணியிடம் சொல்ல வேண்டும், தலைவலி மாத்திரைக்கும் சொல்ல வேண்டும். அண்ணி ஒரு நாளும் இல்லை என்று சொன்னது கிடையாது. ஆனால் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் கடைக்கு யோகம் அடித்தது. ஒரு ஆஸ்பத்திரியும் இரண்டு மாணவர் விடுதியும் தினப்படி ரொட்டி கேட்டன. இரண்டு ஆள் கூடுதலாக வைத்து, பின்கட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டு, அண்ணன் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. வருஷக் கடைசியில் ஆடிட்டர் வரித்தொகையைச் சொன்னதும் அந்தக் களை போய்விட்டது.

அண்ணனும் தம்பியும் எங்கள் அலுவலகத்தில் மாவு படிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். நெருப்பில் நிற்கிறவன் நான், இவ்வளவு கேட்கிறவன் யார் என்று அண்ணன் நியாயம் பேசினார். கேள்வி கேட்டால் போதுமே எங்கள் ஆடிட்டருக்கு. மேசை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

எங்கேயோ ஒரு நாட்டில் இருநூறு வருஷத்துக்கும் முன்னால் பெரிய சண்டை நடந்ததாம். பட்டாளத்துக்குப் போடப் பணம் இல்லை. அதுவரைக்கும் வீட்டுச் சன்னல் எத்தனை, வண்டி எத்தனை என்று பார்த்துத்தான் வரி போட்டுக்கொண்டிருந்தார்கள். சனங்கள் லேசுப்பட்டவர்களா, செங்கல் வைத்துச் சன்னலை அடைத்துவிட்டார்கள். இது ஆகாது, ஒருத்தன் சம்பாதிப்பதிலேயே கையை வைப்போம் என்று அப்போதுதான் வருமான வரியைக் கொண்டுவந்தார்களாம். சண்டை முடிகிறவரைக்கும்தான் என்று பேச்சு. சண்டை முடிந்ததும் சனங்கள் கூச்சல் போட்டு அதை எடுக்கவும் வைத்தார்கள். இனிமேல் இந்தச் சனியனின் அடையாளமே இருக்கக் கூடாது, கணக்குத் தாள்களை எல்லாம் கொளுத்துங்கள் என்று சபையிலேயே உத்தரவாம்.

"கொளுத்துனாங்களா?" என்று கேட்டார் அண்ணன். தன் வரியை மறந்து கதைக்குள் போய்விட்டார்.

"கொளுத்துனாங்க. ஆனா நகல் ஒண்ணு வேற ஒரு ஆபீஸ்ல பத்திரமா இருந்துச்சு. அப்புறம் ஒரு தலைமுறை போறதுக்குள்ள வரி திரும்ப வந்துருச்சு. இதுவும் கொஞ்ச நாளைக்குன்னுதான் சொன்னாங்க."

அண்ணன் சிரித்தார். வரிக்குப் பயந்து எவனாவது சன்னலை அடைத்துவிட்டு இருட்டில் உட்காருவானா, அசல் முட்டாப்பசங்க என்றார். தம்பியும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஆடிட்டர் விஷயத்துக்கு வந்தார்.

"ஏங்க, உங்க தம்பி அங்க சும்மாவா நிக்கறார்? பிஸ்கட் வியாபாரம் பூரா அவர் கையிலதானே நடக்குது. எல்லாத்தையும் உங்க ஒருத்தர் தலையில ஏத்தி வச்சிருக்கீங்க. அரசாங்கம் ஆளுக்கு இவ்வளவு வரைக்கும் வரி இல்லன்னு விட்டுக் குடுக்குது. அவர் தலை சும்மா கிடக்குதே."

"அவன் தலை வேற, என் தலை வேறயா?"

"வரிக்கு வேறதாங்க. தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க? ரொட்டிக் கடை உங்களுது, பிஸ்கட் கடை அவருதுன்னு ரெண்டாக்குங்க. வரி பாதிக்கும் கீழ வந்துரும்." பிறகு விரலை நீட்டி எச்சரித்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பேருக்குப் பிரிச்சா அது குத்தம். நிஜமாப் பிரிச்சா அது சட்டம். கடை வேற, கரண்ட் மீட்டர் வேற, பேங்க் கணக்கு வேற, எல்லாம் வேறயா இருக்கணும்."

"பிரிச்சுருவோம். கணக்குலதானே" என்றார் அண்ணன். தம்பியைப் பார்த்து, "என்னடா?" என்றார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க சொல்றபடிண்ணே" என்றார். அவர் வேறு என்ன சொல்வார்? பிறந்ததிலிருந்து அவர் சொல்லி வந்தது அது ஒன்றுதான்.

சுவர் எழும்பியது. கடையை நடுவில் வகுந்துகொண்டு வாசலில் ஆரம்பித்துப் பின்கட்டு வரைக்கும் போனது. இரண்டு வாசல், இரண்டு பலகை, இரண்டு மீட்டர். அதற்குப் பிறகுதான் ஒரு சங்கதி எல்லோருக்கும் உறைத்தது. அடுப்பு அண்ணன் பக்கம் நின்றுவிட்டது, மாவு பிசைகிற இயந்திரம் தம்பி பக்கம் நின்றுவிட்டது. இரண்டையும் நகர்த்த முடியாது. அடுப்பு இல்லாமல் பிஸ்கட் வேகுமா? இயந்திரம் இல்லாமல் ரொட்டிக்கு மாவு ஏது?

ஆடிட்டர் அசரவில்லை. சுவரில் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு விடச் சொன்னார். தம்பி அண்ணனுக்கு மாவு பிசைந்து கொடுத்தால் பிசைகூலி. அண்ணன் தம்பிக்கு பிஸ்கட் சுட்டுக் கொடுத்தால் அடுப்பு வாடகை. இரண்டுக்கும் பில் போட வேண்டும். எனக்கு வேலை இரட்டித்தது. தினமும் மத்தியானம் போய் இந்தப் பக்கம் ஒரு கட்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டு வாங்கி வருவேன். கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் எனக்கு டீ கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அண்ணன் திறப்பு வழியாகத் தலையை நீட்டி, "டேய், மாவு என்னடா ஆச்சு?" என்று கத்துவார். ஒரு நாள் ஆடிட்டர் அங்கே இருக்கும்போதே கத்திவிட்டார். "என்னங்க இது, தனித் தொழில் பண்றவரைப் போய் டேய்ங்கறீங்க? நாளைக்கு ஆள் வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?" என்று ஆடிட்டர் கண்டித்தார். அண்ணன் மறுபடி தலையை நீட்டி, "ஐயா, கொஞ்சம் மாவு தர்றீங்களா?" என்றார். சுவருக்கு இரண்டு பக்கமும் வேலையாட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிஸ்கட் மேசைப் பக்கம் மட்டும் சத்தம் வரவில்லை. அச்சு அழுந்துகிற ஓசைதான் கேட்டது.

சாயங்காலம் ஆனால் இரண்டு கல்லாக் காசும் மேலே அண்ணியின் கட்டிலில் ஒன்றாகக் கொட்டப்படும். அதை ஒரு நாள் நான் கண்டுவிட்டேன். இப்படிக் கலந்தால் எல்லோரும் கம்பி எண்ண வேண்டியதுதான் என்று சத்தம் போட்டேன். அண்ணி பயந்துபோய் மறுநாளிலிருந்து இரண்டு டப்பா வைத்தாள். தம்பி பேரில் திறந்த கணக்கில் பிஸ்கட் காசைத் தவறாமல் கட்டினாள். அந்தக் காசோலைப் புத்தகத்தையும் தன் அலமாரியில்தான் வைத்துப் பூட்டினாள். வீட்டுச் செலவுக்கு எப்போதும்போல அண்ணன் டப்பாவிலிருந்து எடுப்பாள். தம்பி பணம் தொடுவார் இல்லாமல் வங்கியில் கிடந்து வளர்ந்தது.

"நாடகத்துல வேஷம் கட்டற மாதிரில்ல இருக்கு" என்பாள் அண்ணி. "வேஷம்தானேக்கா" என்று தம்பி பெண்டாட்டி பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள்.

வருஷம் திரும்பியது. வரி ஆடிட்டர் சொன்னபடியே இறங்கியது. அண்ணன் எனக்கு ஒரு பெரிய கேக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த கேக் வயிற்றில் செரிப்பதற்குள் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே ஒரே குடும்பம் நடத்தும் இரண்டு கடைகளும் மெய்யாகவே தனித்தனிதானா என்று நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவார் என்று எழுதியிருந்தது.

ஒன்றுதான் என்று அவர் எழுதிவிட்டால் மிச்சம் பிடித்த வரியையும் கட்ட வேண்டும், அதற்கு மேல் அபராதமும் கட்ட வேண்டும். கூரைக்கு வாங்கிய கடனே நிற்கிறது. மாவு மில்லுக்குப் பாக்கி வைத்தால் ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் ரொட்டி போகாது. அண்ணனுக்கு ராத் தூக்கம் போய்விட்டது என்று அண்ணி சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல் வீட்டில் ஒத்திகை. ஆடிட்டர் நாற்காலியில், நான் முக்காலியில், அண்ணனும் தம்பியும் எதிரும் புதிருமாகப் பாயில். அண்ணன்தான் அதிகாரி. வேலைநாள் அசதி எல்லாம் மறந்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார்.

"பிஸ்கட் கடை யாருது?"

"எங்களுதுங்க" என்றார் தம்பி.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். என் கடை என்று சொல், எங்கள் என்று சொன்னால் குடி முழுகிப் போகும் என்றார். மறுபடி கேட்டார். தம்பி, "அண்ணன் வச்சுக் குடுத்த கடைங்க" என்றார். அதற்கு ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். லாபம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் தம்பியின் கண் தானாக அண்ணியிடம் போனது. இது ஆகிற காரியமில்லை என்று எனக்கே தோன்றிவிட்டது. அந்த மனுஷர் பொய் சொல்லத் தயங்கவில்லை, 'என்' என்கிற சொல் அவர் நாக்குக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்த தம்பி பெண்டாட்டி அங்கிருந்தபடியே சொன்னாள். "என் கடைங்க, என் உழைப்பு, என் பணம், அண்ணனுக்கு இதுல சம்பந்தமில்லைங்கன்னு சொல்லுங்க." ஒரு தடங்கல் இல்லை, குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"பாரு! அதுக்கு வருது, உனக்கு வரலையே" என்று அண்ணன் பூரித்துப்போனார். "நீயே சொல்லிக் குடும்மா அவனுக்கு."

தம்பி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார். முதலில் தடுக்கியது. அண்ணன் விடவில்லை, திருப்பித் திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் வந்த நாட்களில் அடுப்படியிலும் அதே ஒத்திகைதான். தம்பி பிஸ்கட் தட்டைத் திறப்பு வழியாக நீட்டும்போது அண்ணன் கேட்பார், "யாருதுடா கடை?" அந்தப் பக்கமிருந்து பதில் வரும், "என் கடை." "யாரு பணம்?" "என் பணம்." "எனக்கு?" "உங்களுக்குச் சம்பந்தமில்ல." அண்ணன் திருப்தியாகத் தட்டை அடுப்புக்குள் தள்ளுவார்.

அதிகாரி வந்த நாள் நல்ல மழை. ஒல்லியான மனுஷர், ஜலதோஷம் வேறு. மாவுத்தூள் பட்டதும் தும்ம ஆரம்பித்தவர் கடைசி வரைக்கும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. கேக் வேண்டாம், டீ வேண்டாம், வெந்நீர் மட்டும் போதும் என்றார். மீட்டர்களைப் பார்த்தார், பில் கட்டுகளைப் புரட்டினார், திறப்பின் வழியாகக் குனிந்து அந்தப் பக்கம் பார்த்தார். சிடுசிடுப்பு இல்லை, அவசரமும் இல்லை. அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம்.

அண்ணனிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுத் தம்பியின் பிஸ்கட் மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்களெல்லாம் சுற்றி நின்றோம். தம்பி பெண்டாட்டி வெந்நீர்ச் சொம்போடு படியில் நின்றாள். கடை யாருடையது என்றார், என்னுடையது என்றார் தம்பி. அடுப்புக்கு என்ன கொடுக்கிறீர்கள், மாவு யாரிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடாகப் பதில் வந்தது. அண்ணன் முகம் மலர்ந்தது. ஆடிட்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அதிகாரி வங்கிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனவர் நிறுத்தினார்.

"பணம் போட்டுக்கிட்டே இருக்கீங்க. எடுத்ததே இல்லையே."

தம்பி கையிலிருந்த அச்சைக் கீழே வைத்தார்.

"வருஷம் பூரா சம்பாதிச்சிருக்கீங்க. இந்தப் பணத்துல உங்களுக்குன்னு என்ன வாங்கினீங்க? ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு, ஏதாவது?"

இந்தக் கேள்வி ஒத்திகையில் இல்லை. எங்கள் புலிக்குக்கூட இது தோன்றாமல் போயிற்றே என்று எனக்குப் பகீரென்றது. ஒருவனுடைய பணம் என்றால் அவன் அதில் ஒரு குண்டூசியாவது வாங்கியிருக்க மாட்டானா? அண்ணி தன் இடுப்புச் சாவியைக் கையால் மூடிக்கொண்டாள். தம்பி மேசை மேல் பரப்பியிருந்த மாவையே பார்த்தார். பின்கட்டுத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணும் வாங்கலைங்க" என்றார் கடைசியில். பிறகு நிமிர்ந்து அதிகாரியின் முகத்துக்கு நேராகவே சொன்னார். "வீடு பாத்துக்கிட்டு இருக்கேன். நானும் என் சம்சாரமும் தனியாப் போகலாம்னு. முன்பணம் குடுக்கணும். அதுக்குத்தான் கை வைக்காம வச்சிருக்கேன்."

அதிகாரி தலையை ஆட்டினார். "நியாயம்தான்" என்று எழுதிக்கொண்டார். ஒரு தும்மல் தும்மிவிட்டுக் கோப்பை மூடினார். எல்லாம் சரியாக இருக்கிறது, கடிதம் வரும் என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அண்ணன் வந்து தம்பியின் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார். "எங்கடா ஒளிச்சு வச்சிருந்த இந்தப் பதிலை? நான் செத்தேன்னு நினைச்சேன். என்னமாச் சமாளிச்சுட்ட!"

தம்பி கையில் ஒட்டிய மாவைத் துணியில் துடைத்தார். "சமாளிக்கலண்ணே. நிஜமாவே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பு போக நேரம் பிடித்தது. ஆடிட்டர் நிலைமை தெரிந்து, வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினார். நான் பில் கட்டுகளை எடுத்து அடுக்க வேண்டியிருந்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

மேலே போய்ப் பேசினார்கள், வங்கிப் புத்தகத்தைத் திரும்பக் கொடுக்க நானும் பின்னால் போனேன். சத்தம் இல்லை, அழுகை இல்லை. அதற்கு ஒரு குடுமிப்பிடிச் சண்டை நடந்திருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"நான் என்னைக்காவது இல்லன்னு சொன்னேனா?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்லக்கா. ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள் தம்பி பெண்டாட்டி. "கேக்கணுமேக்கா. அதுதான்."

அண்ணிக்கு அது அன்றைக்குத்தான் முதல்முதலாகப் புரிந்திருக்க வேண்டும். இடுப்புச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, தம்பியின் காசோலைப் புத்தகத்தை ஓரகத்தியிடம் கொடுத்தாள். அந்த இடத்தில் எனக்கு அண்ணியை மிகவும் பிடித்துப்போயிற்று.

அண்ணன்தான் ஆறாமல் இருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. அந்நியன்கிட்டயா சொல்லுவ?"

"எப்படிண்ணே சொல்றது? எனக்குன்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. என் கடை, என் பணம்னு நீங்கதான் சொல்லிச் சொல்லிப் பழக்கினீங்க. சொல்லச் சொல்ல, அட நிஜம்தானேன்னு தோணிருச்சு." தம்பி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னார்.

கீழே தட்டு கருகுகிற வாசம் வந்தது. அண்ணன் எழுந்து போனார்.

தம்பி பார்த்துவைத்த வீடு மூன்றாவது தெருவில், இரண்டே அறை. சாமான் ஏற்றிய அன்று அலமாரியின் ஒரு முனையை அண்ணனும் மறுமுனையைத் தம்பியும் பிடித்துப் படி இறக்கினார்கள். அண்ணன், "பாத்துடா, காலு" என்றார். அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். பிறகு ஒரு நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். புது அடுப்பு, புதுத் திரை, வாசலில் புதுச் செருப்பு. தம்பி பெண்டாட்டி என்னை உட்கார வைத்து என்ன சாப்பிடறீங்கக்கா என்று கேட்ட விதத்திலேயே ஒரு வீட்டுக்காரி தெரிந்தாள். அவள் சந்தோஷத்தைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்காக அண்ணனை நினைத்து வருத்தப்படாமலும் இருக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கடை நடந்தது. திறப்பு வழியாக மாவு இந்தப் பக்கம் வந்தது, பிஸ்கட் தட்டு அந்தப் பக்கம் போனது. பில்களைத் தம்பி இப்போது தானே எழுதினார், தேதி தப்பாமல் எழுதினார். அடுப்பு வாடகையைச் சொன்ன நாளில் கொடுத்தார். எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. அண்ணன் டேய் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். மாவு வேண்டுமானால் துடுப்புக் காம்பால் திறப்பின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஆடிட்டர் ஆசைப்பட்ட மாதிரியே எல்லாம் நூற்றுக்கு நூறு நிஜமாகிவிட்டது.

மறு வருஷம் கணக்குக் கொடுக்கிற சமயம் வந்தது. அண்ணன் தனியாகப் படியேறி வந்தார். முன்பு தம்பி உட்கார்ந்த நாற்காலியில் பையை வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆடிட்டர் உற்சாகமாகத் தாள்களைத் திருப்பிக் காட்டினார். இத்தனை சுத்தமான கணக்கு இந்தத் தெருவிலேயே கிடையாது, இனி எந்த அதிகாரி வந்தாலும் கவலை இல்லை, வரியும் எவ்வளவு மிச்சம் பாருங்கள் என்றார். அண்ணன் தாளைப் பார்க்கவில்லை.

"சார், இந்த வருஷம் எல்லாத்தையும் என் தலையிலயே ஏத்திருங்க."

"எதைங்க?"

"அவன் கணக்கையும் சேர்த்து. முன்ன இருந்த மாதிரி. எவ்வளவு வந்தாலும் சரி, நான் கட்டிடறேன்."

ஆடிட்டர் முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அண்ணன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அது முடியாதுங்க."

"ஏன் முடியாது? அரசாங்கத்துக்கு லாபம்தானே. கூடத்தானே கட்டறேங்கறேன். குறைச்சாக் கட்டறேன்?"

"கூடக் கட்டறதா இருந்தாலும் முடியாது. அவர் தனியா இருக்கார், தனியாச் சம்பாதிக்கறார், தனியாச் செலவு பண்றார். அடுத்தவர் வருமானத்துக்கு நீங்க வரி கட்ட முடியாதுங்க. சட்டத்துல அதுக்கு இடமே இல்ல."

"அடுத்தவர்" என்றார் அண்ணன். கேள்வியாகச் சொல்லவில்லை.

எங்கள் ஆடிட்டரிடம் அன்றைக்குச் சொல்வதற்கு ஒரு கதையும் இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் சரி. சன்னலை அடைத்தவர்களை நினைத்து இதே அறையில் நாங்களெல்லாம் சிரித்தோமே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அண்ணன் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். காட்டினேன். பொசுங்கிய கையால் மெல்ல எழுதிப் பேனாவை மூடி வைத்தார். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அவனும் அவன் தாள்ல கையெழுத்துப் போடணுமில்ல? எங்கிட்டக் குடு. கடைக்குத்தானே போறேன், அவன்கிட்ட வாங்கிக்கிட்டு வர்றேன்."

"அவர் காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாருங்க" என்றேன்.